குருத்தோலை வந்த வீடு

1

என் அக்கா எஸ்தர் போனில் நல்ல சேதி சொன்னால் எடுத்ததுமே கத்துவாள். கெட்ட சேதி என்றால் முதலில், "பசியாறிட்டியா?" என்பாள். இங்கிலாந்துக்கு வந்து நாற்பது வருஷமாகப் போகிறது. அந்தக் கேள்வி காதில் விழுந்தால் இன்னும் நான் முதலில் உட்கார ஓர் இடம் தேடுவேன்.

பிப்ரவரியில் ஒரு காலை. குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். எந்த வாரம் எந்த நிறத் தொட்டி என்று மறக்காமல் வைத்திருப்பவனுக்குத்தான் இந்த நாட்டுக் குடியுரிமையைக் கொடுக்க வேண்டும், மற்றப் பரீட்சையெல்லாம் சும்மா. போன் அடித்தது. அங்கே மலேசியாவில், கேமரன் மலை ரிங்லெட் பக்கம் அப்போது பொழுது சாய்கிற நேரம்.

"பசியாறிட்டியாடா?"

"ஆச்சுக்கா. யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. சகாயத்தப் பொட்டியிலேருந்து எழுப்பிட்டாங்க."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பொட்டி என்றால் எங்கள் எஸ்டேட் கோயிலின் ஆர்மோனியம். கோயில் என்றால் தேயிலைச் சரிவில் இருக்கிற, தகரக்கூரை போட்ட சின்ன ஆங்கிலிக்கன் சர்ச். மாதம் ஒருமுறை போதகர் மலையேறி வந்து ராப்போசனம் என்கிற அப்பமும் திராட்சரசமும் கொடுப்பார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம், பிரசங்கம் எல்லாம் உபதேசியார் பாக்கியநாதன். தேவசகாயம் என்கிற சகாயம் என்னோடு தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவன். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நான் ஊரை விட்டு வந்த காலத்திலிருந்து அந்தப் பொட்டியை வாசிக்கிறவன் அவன்தான். வேறு ஆள் வாசித்து எங்கள் கோயிலில் யாரும் கேட்டதில்லை.

"ஏன் எழுப்பினாங்க?"

"ஒன் போட்டோவால வந்த வினை." பிறகு, "என் வாயாலயும்தான்," என்றாள்.

2

அந்தப் போட்டோ கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஞாயிற்றுக்கிழமை போகிற சர்ச் கல்லால் கட்டினது, பெரியது, குளிர்வது. உட்காருகிறவர்கள் எல்லாம் என்னைப் போல நரைத்த தலைகள். உயரமாக இருப்பதால் பண்டிகை நாட்களில் சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பது என் வேலை. வருஷத்துக்கொரு முறை, கோடையில், எங்கள் சர்ச் வாசல் வழியாகப் பிரைட் ஊர்வலம் போகும். ஆணை விரும்பும் ஆணும், பெண்ணை விரும்பும் பெண்ணும், அவர்களைப் பெற்றவர்களும், சினேகிதர்களும் வானவில் கொடி பிடித்துப் போகிற ஊர்வலம். முன்னெல்லாம் அன்றைக்கு நாங்கள் கேட்டைப் பூட்டிவிடுவோம். பூச்செடியை மிதித்துவிடுவார்கள் என்று காரணம் சொல்வோம்.

அப்புறம் ஹெலன் என்றொரு பெண் போதகர் வந்தார். முதல் வருஷம், "கேட்டைத் திறந்து வையுங்கள், வெயிலில் நடந்து வருகிறவர்களுக்கு டீ கொடுப்போம்," என்றார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் என்று டீ மேசையை என் தலையில் கட்டினார்கள். கேமரன் மலையில் கொழுந்து கிள்ளினவள் வயிற்றில் பிறந்துவிட்டு, நூல் கட்டின பொட்டலத்தைத் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தேன். அம்மா பார்த்திருந்தால் மேசையையே கவிழ்த்திருப்பாள்.

அன்று தங்க நிறத்தில் ஷூ, எங்கள் ஊர்ப் பேச்சில் சப்பாத்து, போட்ட ஒரு மனிதர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். டீயைக் குடித்துவிட்டு, "உள்ளே போகலாமா?" என்று கேட்டார். போங்கள் என்றேன். சின்ன வயதில் அதே சர்ச்சில் பாடகர் குழுவில் பாடினவராம். வாலிபத்தில் விஷயம் தெரிந்து, மெதுவாக வெளியே தள்ளிவிட்டார்களாம். அதற்கப்புறம் அன்றுதான் அந்த வாசற்படியை மிதிக்கிறார். உள்ளே போய்த் தனியாக உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து, தான் குடித்த கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டு ஊர்வலத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டார்.

நானும் சேர்ந்து நடக்க வேண்டும் என்று தோன்றியது அந்தக் கோப்பையைத் துடைக்கும்போதுதான். வேதம் படித்தவர்கள் இரண்டு பக்கமும் நின்று பேசினார்கள். எனக்கு அவ்வளவு படிப்பு கிடையாது. தமிழில் ஆறாம் வகுப்பு, மற்றதெல்லாம் நானே எழுத்துக் கூட்டிப் படித்தது. அந்த மனிதரின் முதுகை நான் பார்த்தேன், அவ்வளவுதான் என் வேதசாஸ்திரம்.

சபையாக ஊர்வலத்தில் நடப்பதா வேண்டாமா என்று வருஷம் முழுக்கப் பேசினோம். என் பக்கத்தில் உட்காருகிறவர், நல்ல மனிதர், வேறு சபைக்குப் போய்விட்டார். இப்போது அவரிடமிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து மட்டும் வருகிறது. சரி நடக்கலாம் என்று முடிவானதும் அதிகாரிகள் பிடித்துக்கொண்டார்கள். காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ், வேண்டும். என்னென்ன ஆபத்து வரலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பதாகைக் கம்பு எவ்வளவு நீளம்? காற்றடித்தால் யார் பொறுப்பு? மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு ஒரு வகுப்பில் வேறு உட்கார வேண்டியிருந்தது. எங்கள் எஸ்டேட்டில் ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு ஓலை பிடித்துப் போகிற குருத்தோலைப் பவனி என்றால் துரையிடம் ஒரு வார்த்தை சொல்வோம், அப்புறம் நாய்களைப் பிடித்துக் கட்டுவோம். முடிந்தது.

ஊர்வலத்தில் சபையின் பதாகையை நான்தான் பிடித்தேன். இரண்டு பக்கமும் ஜனம் நின்று கை தட்டியது. எனக்கு எஸ்டேட் பவனிப் பழக்க தோஷம். வாசலில் ஆட்களைப் பார்த்ததும், "வாங்க, வாங்க!" என்று தமிழில் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். யாருக்கும் புரியவில்லை, எல்லாரும் திருப்பிக் கையாட்டினார்கள்.

என் மகள் ரூத் லண்டனில் இருக்கிறாள். பதினாறு வயதில் சர்ச்சை விட்டவள். தமிழில் அவளுக்கு மிஞ்சியிருப்பது திட்டு வார்த்தைகளும் பலகாரங்களின் பெயர்களும்தான். அன்று அவளாகவே ரயிலேறி வந்து, ரோட்டோரம் நின்று என்னைப் படம் எடுத்தாள். "இதுக்கு உங்க சர்ச்சுக்கு இவ்வளவு நாளாச்சாப்பா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. சர்ச் விஷயத்தில் என் மகள் என்னைப் பார்த்துப் பெருமைப்பட்டது அது ஒரு நாள்தான். அந்தச் சந்தோஷத்தில் போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள். அங்கிருந்து கிள்ளான் நகரத்தில் இருக்கும் உறவுக்காரர்கள், அவர்களிடமிருந்து மலைக்கு.

அன்று நடந்தபோது சகாயத்தை நினைத்தாயா என்று யாராவது கேட்டால், இல்லை. அந்த நினைப்பே வரவில்லை.

3

சகாயம் லயத்தின், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளின், கடைசி வீட்டில் இருக்கிறான். அவனோடு கோவிந்தனும் இருக்கிறான். கோவிந்தன் காய்கறி லோரி ஓட்டுகிறவன். கோலா தெர்லா பக்கத்துத் தோட்டங்களில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு தாப்பாவுக்கு இறங்கி, வெறும் லோரியோடு மேலே வருவான். முப்பது வருஷமாக இரண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. தைப்பூசத்துக்குக் கோவிந்தன் காவடி எடுத்தால் சகாயம் தண்ணீர்ப் போத்தலோடு கூடவே நடப்பான். கிறிஸ்துமஸுக்குச் சகாயம் முறுக்குச் சுட்டால் வீடு வீடாகக் கொண்டு கொடுப்பது கோவிந்தன். கேட்டால், "கூட்டாளிங்க," என்பார்கள். மலேசியாவில் கூட்டாளி என்றால் சினேகிதன், உங்களுக்குத் தெரியும். லயத்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும், யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தது.

போட்டோ வந்து சில மாதம் கழித்து, ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது, கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் அக்காவைச் சீண்டியிருக்கிறார். "ஒங்க தம்பி வெள்ளக்காரனோட சேந்து கலர் கலரா கொடி புடிக்கிறாராமே? அங்க சர்ச்சுல அதுதான் ஊழியமா?"

அக்காவுக்கு என்னை ஒன்று சொன்னால் பொறுக்காது. அவள் திட்டலாம், மற்றவர்கள் திட்டக்கூடாது.

"என் தம்பி கொடிதான் புடிச்சான்," என்றாளாம். "இத்தன வருஷமா நம்ம பொட்டிய யாரு வாசிக்கிறான்னு பாத்துட்டு அப்புறம் என் தம்பியப் பேசுங்க."

ஒருத்தர் சிரித்தார். அப்புறம் யாருமே சிரிக்கவில்லை. சகாயம் அப்போதுதான் பொட்டியை மூடித் துணி போர்த்திவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தான்.

"சொல்லி முடிக்கல, நாக்கக் கடிச்சுக்கிட்டேன்டா," என்றாள் அக்கா போனில். "ஆனா வாய விட்டுப் போனது போனதுதான?"

அதற்கடுத்த வாரம் கமிட்டி கூடியது. பாக்கியநாதன் கெட்டவர் அல்ல, பயந்தவர். வெளியில் யாராவது எழுதிப் போட்டுவிட்டால்? போலீஸ் வரைக்கும் போய்விட்டால்? மலேசியச் சட்டத்தில் இது குற்றம் என்று அவருக்கும் தெரியும். "கொஞ்ச நாளைக்கு நீங்க பின்னாடி ஒக்காருங்க தம்பி," என்று சகாயத்திடம் சொல்லியிருக்கிறார். சகாயம் பின்னால் உட்காரவில்லை. கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

"நான் வர்றேன்கா," என்றேன்.

"வந்து?"

"பேசறேன்."

"பேசி?" என்றாள்.

4

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வாரம் ஊர் போய்ச் சேர்ந்தேன். தாப்பாவிலிருந்து பஸ்ஸில் மலையேறும்போது என் பிரசங்கத்தைத் தயார் செய்துகொண்டே போனேன். நான் வாயாடி என்பது ஊரறிந்த விஷயம். வளைந்து வளைந்து போகிற அந்த ரோட்டில், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நல்ல வாக்கியம் கிடைத்தது. தங்கச் சப்பாத்துக்காரரைச் சொல்வேன். கழுவி வைத்த கோப்பையைச் சொல்வேன். பாக்கியநாதன் கண்ணைத் துடைத்துக்கொள்வார். சகாயம் எழுந்து போய்ப் பொட்டியைத் திறப்பான்.

சகாயம் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. ரிங்லெட்டில் ஒரு மாமாக் கடைக்கு, தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைதான் அது, வரச் சொன்னான். அங்கே சனிக்கிழமை ஜனக்கூட்டம் போட்ட சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. ஆள் மெலிந்திருந்தான். ஸ்வெட்டரின் முழங்கையில் ஒட்டுப்போட்டிருந்தது, நேர்த்தியான தையல்.

"ஒன் போட்டோவப் பாத்தேன்," என்றான் உட்காரும் முன்னே. "கோவிந்தன்தான் காமிச்சான். மஞ்சச் சட்டயில தொப்ப நல்லாத் தெரியுது."

"அது போலீஸ் போடச் சொன்ன சட்டைடா."

"அங்க போலீஸ் சட்ட குடுத்து நடக்கச் சொல்றான்." அவன் சிரித்தான். "இங்க போலீஸ் வந்தா என்ன குடுப்பான்னு தெரியுமில்ல?"

நுரை பொங்க ஆற்றின தே தாரேக் டீ வந்தது. கடைக்காரர் கோப்பையை வைத்துவிட்டு, சகாயத்தின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நான் ஆரம்பித்தேன். நாளைக்கு ஆராதனை முடிந்ததும் கமிட்டியோடு உட்கார்ந்து பேசப் போகிறேன், போதகருக்கும் போன் போடப் போகிறேன், எங்கள் சபையில் எப்படி நடந்ததென்றால்... அவன் கையைத் தூக்கினான்.

"டேவிட்டு. நீ பேசவேண்டாம் லா."

"ஏன்டா?"

"நீ நல்லாத்தான் பேசுவ. பேசிட்டு பிளேன் ஏறிடுவ. நான் அந்தக் கடேசி வூட்லதான் இருக்கணும். அவன் லோரி ஓட்டித்தான் பொழைக்கணும். மொதலாளி தவுக்கே காதுக்கு ஒரு பேரு போய்ச் சேந்துச்சின்னா, நாளைக்கு வேற டிரைவரு." அவன் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். "இத்தன வருஷம் எங்களுக்கு யாரும் பேரு வைக்கல. அதனால யாரும் எட்டிப் பாக்கல. எஸ்தர் அக்கா பேரு வைக்கக்கூட இல்ல, கையக் காமிச்சாங்க, அவ்ளோதான். இப்ப எல்லாரும் எட்டிப் பாக்குறாங்க."

"அப்ப நான் அங்க நடந்தது தப்புங்கறியா?"

அவன் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தான். நான் அந்தப் பதிலுக்காகத்தான் அவ்வளவு தூரம் வந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"தப்பில்ல," என்றான். "அந்தப் படத்த ரெண்டு நாளா கோவிந்தன் எடுத்து எடுத்துப் பாத்தான். 'சர்ச்சுக்காரங்களாமே, சர்ச்சுக்காரங்களாமே'ன்னு. அவனுக்கு நம்பிக்கையே வரல. அங்க ஒருத்தனுக்காச்சும் நல்லது நடந்திருக்கும். ஆனா அந்தக் கொடிய அப்படியே இங்க கொண்டாந்து நட்டா நிக்காது. இங்க மண்ணு வேற."

"ஒனக்கு என்னதான் வேணும்?"

"பொட்டி வேணும்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தான். வெளியே ஏரிப்பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்துகொண்டிருந்தது. "அப்புறம் இன்னொண்ணு. நான் செத்தா அவன் முன்னாடி நிக்கணும். அவன் செத்தா நான் நிக்கணும். பின்னால எங்கயோ கூட்டத்துல இல்ல. அதுக்கு ஒரு பேரு வேணுமா, பேரில்லாமயே நடக்குமா, எனக்குத் தெரியலடா. வயசாவுது. ராத்திரியில அதத்தான் நெனச்சிக்கிறேன்."

நான் பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

5

அக்கா வீட்டுக்குத் திரும்பியபோது முன்கூடத்தில் கமிட்டி உட்கார்ந்திருந்தது. மறுநாள் குருத்தோலை ஞாயிறு. பாக்கியநாதன் எழுந்து கை கொடுத்தார், என் கண்ணைப் பார்க்கவில்லை. என் நாக்கின் நுனியில் பஸ்ஸில் தயாரித்த பிரசங்கம் முழுக்க நின்றது. கடைந்த மோர் மாதிரி நுரைத்துக்கொண்டு நின்றது. நான் போய்ச் சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டேன்.

பேச்சு எங்கெங்கோ போய்க் கடைசியில் ஓலையில் வந்து நின்றது.

"ஓலைக்கு யாருகிட்ட சொன்னீங்க?" என்று பாக்கியநாதன் கேட்டார்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் மலைக் குளிருக்குத் தென்னை வராது. பவனிக்கு வேண்டிய குருத்தோலை கீழே தாப்பாவிலிருந்து ஏறி வர வேண்டும்.

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு..."

"நான் எங்க சொன்னேன்? வருசா வருசம் அதுபாட்டுக்கு வரும்ல."

"அதுபாட்டுக்கு எப்படி வரும்? ஓலைக்குக் காலா இருக்கு?" என்று உள்ளேயிருந்து அக்கா கேட்டாள்.

அப்புறம்தான் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அது கோவிந்தனின் லோரியில்தான் வரும். வெறும் லோரியாக மேலே வரும்போது, தாப்பாவில் தெரிந்த வீட்டில் வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவருவான். ஒருத்தரும் அவனிடம் சொன்னதில்லை, ஒருத்தரும் நன்றி சொன்னதில்லை. பொட்டியிலிருந்து ஆளை எழுப்பும்போது, ஓலையும் அந்த வீட்டிலிருந்துதான் வருகிறது என்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

"சைப்ரஸ் கிளைய வெட்டிக்கலாம்," என்றார் ஒருவர்.

"பிரிஞ்சாங்ல பிளாஸ்டிக் ஓலை விக்கிறான். பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில பாத்தேன்."

"பிளாஸ்டிக்க ஆட்டிக்கிட்டு ஓசன்னா பாடுவியா? கழுதகூட மதிக்காது," என்றாள் அக்கா.

நான் வாயில் கையை வைத்துப் பொத்திக்கொண்டேன், சிரிப்புக்கும் சேர்த்து.

வெளியே லோரிச் சத்தம் கேட்டது. பிரேக் முனகிக்கொண்டு நின்றது. கோவிந்தன் இறங்கி, பின்பக்கம் ஏறி, ஈரச்சாக்கு மூட்டையைத் தோளில் சாய்த்துக் கொண்டுவந்து வாசலில் வைத்தான். குட்டையான ஆள், கழுத்தில் துண்டு, நெற்றியில் விபூதி. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான். பார்க்காத மாதிரி அக்காவிடம் திரும்பினான்.

"அக்கா, ஓலை."

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒனக்கு யாருப்பா சொன்னா?"

"சொல்லணுமா? நாளைக்கு ஞாயித்துக்கெழமதான?" என்றான். "தண்ணி தெளிச்சு வைங்க. வெயில்ல வந்துச்சு." என்னைப் பார்த்துத் தலையாட்டினான். லோரி கிளம்பிப் போய்விட்டது.

கமிட்டியும் கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விட்டது. வழக்கமாக அந்த ஓலையில் சின்னச் சின்னச் சிலுவை மடித்துக் கொடுப்பது சகாயம். அக்கா தரையில் உட்கார்ந்து தானே மடித்துப் பார்த்தாள். மடிப்பு நிற்கவில்லை, அவிழ்ந்து அவிழ்ந்து வந்தது. ஒன்றை மூலையில் எறிந்தாள், போய் எடுத்துக்கொண்டு வந்து மறுபடி மடித்தாள்.

"எங்க வூட்டுக்காரரு செத்தப்ப இவங்க ரெண்டு பேருந்தான்டா," என்றாள் தலை நிமிராமல். "கோவிந்தன் லோரியக் கொண்டாந்தான். சகாயம் பொட்டியத் தூக்கிட்டு இடுகாடு வரைக்கும் வந்து வாசிச்சான். மழையில. நான் ஒருத்தங்கிட்ட வாய்ச்சண்டையில ஜெயிக்கறதுக்கு இவங்களத் தூக்கிப் போட்டுட்டேன்."

"போய்ச் சொல்லேன்க்கா."

"என்னன்னு சொல்றது? பேசினது வாசல்ல வச்சு, அத்தன பேரு முன்னாடி. மன்னிப்ப மட்டும் பின்பக்கப் பொடக்காளி வழியாப் போய்க் கேட்டுட்டு வந்துடலாமா?"

நான் எழுந்து போய் ஓலைக்குத் தண்ணீர் தெளித்தேன். ஆனால் அந்தக் கேள்வியை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர்வலத்தில் ஹெலன் ஏன் பதாகையோடு ரோட்டில் நடக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்? மனதுக்குள் வருத்தப்பட்டால் போதாதா, உள்ளேயே ஒரு ஜெபம் பண்ணினால் போதாதா என்று பலபேர் கேட்டார்கள். நானும் கேட்டேன். அவர் சொன்ன பதில் அன்று எனக்குச் சரியாக விளங்கவில்லை. ஆங்கிலத்தில் அவர் நீட்டி நீட்டிச் சொன்னதை என் அக்கா ஓலையைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

6

பவனி பெரட்டுக் களத்திலிருந்து கிளம்பும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் அந்தத் திடல்தான் எங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஆரம்பம். பனி இன்னும் தேயிலைமேல் படுத்திருந்தது. இந்து வீட்டுப் பெண்களும் வந்து ஓலை வாங்கிக்கொண்டார்கள், எப்போதும் வருவார்கள். முன்னால் பாக்கியநாதன் சிலுவையோடு, அடுத்து அக்கா, அப்புறம் எல்லாரும். நான் நடுவில். பாட்டைப் பாக்கியநாதன் எடுத்தார், ரொம்ப உயர்ந்த சுருதியில். இரண்டாவது அடியிலேயே பாதிப்பேர் கீழே விழுந்துவிட்டோம்.

எங்கள் பவனியில் ஒரு வழக்கம் உண்டு. படுக்கையில் இருக்கிறவர்கள், எழுந்து வர முடியாதவர்கள் வீட்டு வாசலில் நின்று, ஓலை கொடுத்து, ஓரடி பாடிவிட்டுத்தான் நகரும். இரண்டு வீட்டில் அப்படி நின்றோம். கடைசி வீடு வந்தது. பாக்கியநாதன் நடையைக் கொஞ்சம் வேகமாக்கினார். அக்கா நின்றுவிட்டாள்.

லயத்துப் பாதை குறுகல். அவள் நின்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். பாட்டும் அங்கங்கே அறுந்து நின்றது.

பாக்கியநாதன் திரும்பி வந்தார். மெதுவாக, "அக்கா, இங்க யாருக்கும் சீக்கு இல்லியே," என்றார்.

"வர முடியாதவங்க வீட்ல நிப்போம்ல?" என்றாள் அக்கா. அவள் மெதுவாகப் பேசவில்லை. "இவங்கள வர முடியாம ஆக்கினது நாமதான? நில்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார், நான்தான் சொல்லிக்கொடுத்திருப்பேன் என்பது போல. சத்தியமாக நான் ஒன்றும் சொல்லவில்லை. என் பின்னால் ஒரு குழந்தை மட்டும் ஓலையை ஆட்டிக்கொண்டே இருந்தது.

கதவு திறந்தது. சகாயம் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான் வரைக்கும் மாட்டியிருந்தான். இத்தனை ஞாயிறும் இப்படித்தான் உடுத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தானோ என்னவோ.

அக்கா ஓலையை நீட்டினாள். அவள் மடித்த சிலுவை அதில் கோணலாகத் தொங்கியது.

"சகாயம், அன்னிக்கு நான்தான் பேசினேன். இவங்க எல்லாரும் கேட்டாங்க. இப்பவும் கேக்கட்டும். என் வாய் பண்ணின வேல அது. நீ மனசுல வச்சுக்காத."

சகாயம் அந்தச் சிலுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இப்படியாக்கா மடிக்கிறது?" என்றான்.

"எனக்கு என்ன தெரியும்? நீ சொல்லிக்குடுத்தியா? பாட்டு எடுக்க ஆளில்லாம நாறுது. வா."

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பாக்கியநாதன் சிலுவைக் கம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். சகாயம் அவர் முகத்தைப் பார்த்தான், எங்கள் எல்லாருடைய முகத்தையும் பார்த்தான். பிறகு உள்பக்கம் திரும்பி, எப்போதும் கூப்பிடுகிற குரலில், சத்தமாகவே கூப்பிட்டான்.

"கோவிந்தா, சட்டையப் போடு. கோயிலுக்குப் போறோம்."

உள்ளேயிருந்து கோவிந்தன் குரல் வந்தது. "நானுமா?"

"ஆமா. நீயும்தான்."

அவன் ஒரு சட்டையைத் தேடி எடுக்கும் சத்தமும் அலமாரிக் கதவு முட்டும் சத்தமும் வெளியே கேட்டன. ஒருவரும் நகரவில்லை. ஒரு முழுப் பவனியும் ஒரு மனிதன் சட்டை போட்டு முடிக்கும்வரை அந்தக் குளிரில் நின்றது. பாக்கியநாதனும் நின்றார். கோவிந்தன் தலையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, எல்லாரையும் பார்த்துக் கூச்சத்தோடு கும்பிட்டான். பக்கத்து வீட்டுப் பெண் தன் ஓலையைக் கிழித்துப் பாதியை அவனிடம் கொடுத்தாள்.

கோயிலில் அவர்கள் இரண்டு பேரும் எங்கே உட்காருவது என்று ஒரு தடுமாற்றம் வந்தது. கோவிந்தன் கடைசி பெஞ்சுக்குப் போகப் பார்த்தான். அக்கா அவனைக் கையைப் பிடித்து இழுத்து, முன்வரிசையில் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். சகாயம் சுவரோரமாக, ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பொட்டி துணி போர்த்தியபடி இருந்தது. அவன் அதன் பக்கம் போகவில்லை. யாரும் போ என்று சொல்லவுமில்லை.

பாக்கியநாதன் பாட்டு எண்ணை வாசித்தார். இத்தனை ஞாயிறாக எண்ணைச் சொன்ன மூச்சிலேயே அவரே பாட ஆரம்பித்துவிடுவாராம். அன்று பாட்டுப் புத்தகத்தை மார்போடு மூடி வைத்துக்கொண்டார். வாயைத் திறக்காமல், பொட்டி இருக்கும் பக்கமாகத் திரும்பி நின்று, காத்திருந்தார்.